கொழும்பு ஒஃபிசுக்கு ஸ்கர்ட்: வாங்க முன்னம் ஒரு படி ஏறிப் பாருங்கள்

முதல் வேலை கிடைத்து, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ஒரு கிழமைதான். திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு வெள்ளவத்தையில் 100 ஆம் இலக்க பஸ்ஸின் மிதிபலகையில் வலது காலைத் தூக்கி வைத்தேன். பின்னால் 'டர்' என்று ஒரு சத்தம். புது ஸ்கர்ட்டின் பின்வெட்டு நாலு விரல் அளவுக்கு மேலே கிழிந்துவிட்டது. பின்னால் ஏழெட்டுப் பேர் தள்ளுகிறார்கள், இறங்கவும் வழியில்லை. கொள்ளுப்பிட்டி வரை கைப்பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று முழுக்கக் கதிரையை விட்டு எழும்பவில்லை, தேத்தண்ணிக்குக்கூட.

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டை, ரியூசனுக்குச் சுடிதார், கோயிலுக்குச் சீலை என்று வளர்ந்த எங்களில் பலருக்கு ஒட்டின ஸ்கர்ட் புதுசு. அதைப் போட்டுக்கொண்டு நாளுக்கு இரண்டு பஸ், ஒரு ஓட்டோ, மூன்று மாடிப்படி ஏறி இறங்க யாரும் சொல்லித் தருவதில்லை. அடுத்த ஆறு மாதம் நான் பட்ட பாட்டையும் வீணாக்கின காசையும் வைத்து இதை எழுதுகிறேன்.

1. முதலில் ஒஃபிசில் கேளுங்கள்

நியமனக் கடிதத்தில் 'அலுவலகத்துக்கு ஏற்ற உடை' என்று ஒரு வரிதான் இருக்கும். அதை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். வேலைக்குச் சேர முதலே ஆளணிப் பிரிவுக்கு ஈமெயில் போட்டு இவற்றைக் கேளுங்கள்: நீளம் முழங்காலோடா, முழங்காலுக்குக் கீழா? குறிப்பிட்ட நிறம் உண்டா? மூடின சப்பாத்துத்தான் போட வேண்டுமா? வெள்ளிக்கிழமைக்கு வேறு விதியா? சீருடைத் துணி தருவார்களென்றால் எப்போது, எத்தனை மீற்றர், தையற்கூலியும் தருவார்களா?

பதில் எழுத்தில் வரட்டும். எனக்கு நேர்முகத்தில் ஒருவர் "முழங்கால் நீளம் காணும்" என்றார். இரண்டு வாங்கினேன். சேர்ந்த மூன்றாம் நாள் எங்கள் பிரிவுப் பொறுப்பாளர் கூப்பிட்டு, "தங்கச்சி, இன்னும் கொஞ்சம் கீழ இறங்கோணும்" என்றார். கீழ்மடிப்பில் அரை இஞ்சித் துணிதான் இருந்தது, இறக்க வழியில்லை. இரண்டும் இப்போது என் மச்சாளிடம்.

தையற்கூலி தரும் நிறுவனமென்றால் பற்றுச்சீட்டு கேட்பார்கள். திகதி, கடையின் பெயர், எத்தனை உருப்படி, தொகை எல்லாம் எழுதின சீட்டாக வாங்குங்கள். வீட்டில் வைத்துத் தைக்கும் அக்காமார் பலரிடம் சீட்டுப் புத்தகம் இல்லை. துணி கொடுக்கும்போதே சொல்லி வைத்தால் வெறும் தாளிலாவது எழுதிக் கையொப்பம் வைத்துத் தருவார்கள். அப்படி ஒரு தாளைக் கணக்குப் பிரிவு ஏற்குமா என்பதையும் முதலே கேட்டுவிடுங்கள்.

முதல் சம்பளம் வரும் வரை இரண்டு ஸ்கர்ட் போதும்: ஒன்று கறுப்பு, ஒன்று கடும் நீலம். பிளவுஸ் நாலு இருந்தால் கிழமை ஓடும். ஆட்கள் பிளவுஸைத்தான் பார்க்கிறார்கள், கறுப்பு ஸ்கர்ட்டை யாரும் எண்ணுவதில்லை.

2. அளவு நாடாவை நீங்களே பிடியுங்கள்

இடுப்பு, இடுப்பில் இருந்து ஏழெட்டு இஞ்சி கீழே உடம்பு அகலமான இடம், நீளம். இந்த மூன்றும் வேண்டும். ஒஃபிசுக்குப் போடப்போகும் சப்பாத்தைப் போட்டு, உள்ளே அணியப்போவதையும் அணிந்துகொண்டு அளவுங்கள். நாலாவது அளவு ஒன்று உண்டு, அதை அனேகம் பேர் எடுப்பதில்லை: கதிரையில் இருந்துகொண்டு அகலமான இடத்தை அளப்பது. எனக்கு நிற்கும்போது 38, இருந்தால் 40. நின்ற அளவுக்கு மட்டும் தைத்தால், இருக்கும்போது துணி தன் வழியில் மேலே ஏறிக்கொள்ளும்.

நாலு அளவையும் கைப்பேசியில் எழுதி வைத்திருங்கள். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சின உடுப்பு விற்கும் கடைகளில் லேபலில் 10 என்று இருப்பது ஒன்று பத்தாகவும் இன்னொன்று எட்டாகவும் இருக்கும். சில உடுப்பில் லேபலே வெட்டப்பட்டிருக்கும். நாடாவை வைத்து இடுப்புப்பட்டியை அளந்து பாருங்கள். அந்தக் கடைகளில் சிப்பையும் பத்துத் தடவை மேலும் கீழும் இழுங்கள். மலிவாக வந்ததன் காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்து வாங்குவதுதான் நான் விட்ட பெரிய பிழை. நிற்கும்போது எல்லா ஸ்கர்ட்டும் வடிவுதான். உடை மாற்றும் அறைக்குள் ஸ்டூல் இருந்தால் அதில் ஒரு காலைத் தூக்கி வையுங்கள், பஸ் படி கிட்டத்தட்ட அந்த உயரம். பிறகு இருந்து எழும்புங்கள். குனிந்து சப்பாத்து வாரைக் கட்டுங்கள். இருக்கும்போது மூன்று, நாலு இஞ்சி மேலே ஏறும். அந்த நிலையிலும் முழங்கால் மூடியிருந்தால்தான் 'முழங்காலுக்குக் கீழ்' என்ற விதிக்குப் பொருந்தும்.

3. துணி எவ்வளவு, எங்கே, எப்போது

45 இஞ்சி அகலத் துணியில், உடம்பின் அகலமான இடத்து அளவும் தையலுக்கு விடும் துணியும் சேர்ந்து அதற்குள் அடங்குமென்றால், நேர் ஸ்கர்ட்டுக்கு ஒரு நீளம் போதும். நீளத்தோடு இடுப்புப்பட்டிக்கும் மடிப்புக்குமாக எட்டு இஞ்சி கூட்டுங்கள். ஒரு மீற்றருக்குள் முடிந்துவிடும், பயமென்றால் ஒன்றேகால் வாங்குங்கள். கீழே கொஞ்சம் விரியும் ஏ வடிவத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மீற்றர். குடை வெட்டு என்றால் மூன்றுக்கு மேல் போகும். அதை ஒஃபிசுக்கு நான் சொல்லமாட்டேன், காரணம் ஏழாவதில் வருகிறது.

புறக்கோட்டையில் மெயின் வீதியும் இரண்டாம் குறுக்குத் தெருவும் துணிக்கு மலிவு. வெள்ளவத்தை காலி வீதியில் விலை கூட, ஆனால் தமிழில் கதைத்து நிதானமாகப் பார்க்கலாம். புறக்கோட்டைக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன்னம் போங்கள். ஞாயிறும் போயா (பௌர்ணமி) நாளும் பல கடைகள் பூட்டு. வெள்ளிக்கிழமை பன்னிரண்டுக்குப் பிறகு ஜும்ஆத் தொழுகைக்காகப் பல கடைகள் ஒன்றரை மணி வரை பூட்டிவிடுவார்கள். நான் ஒருமுறை அரைநாள் லீவு போட்டு அந்த நேரம் பார்த்துத்தான் போய் நின்றேன்.

கொழும்பின் புழுக்கத்துக்குத் தடித்த பொலியெஸ்டர் வேண்டாம். பஸ்ஸில் வியர்த்து, ஒஃபிஸ் ஏசியில் அந்த ஈரம் குளிர்ந்து ஒட்டிக்கொள்ளும். பருத்தி கலந்த, கொஞ்சம் இழுபடும் துணி கேளுங்கள். தனிப் பருத்தி என்றால் தைக்கக் கொடுக்க முன்னம் ஓர் இரவு தண்ணியில் ஊறவிட்டுக் காயவைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதற் தோய்ச்சலிலேயே ஓர் இஞ்சி மேலே போய்விடும்.

4. தையற்கடையில் ஏமாறாமல் இருக்க

வெள்ளவத்தையில் சீலை பிளவுஸ் நன்றாகத் தைக்கிறவருக்கு ஸ்கர்ட்டும் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இடுப்பில் துணி படிய உள்ளே பிடித்துத் தைக்கும் டாட் இரண்டையும் எடுக்காமல், எனக்குச் சாக்கு மாதிரி ஒன்றைத் தந்தார். தைத்து முடித்த ஸ்கர்ட் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே புரட்டிப் பாருங்கள். ஓரங்கள் நூல் பிரியாமல் ஓவர்லொக் அடித்திருக்கிறதா, சிப்பின் கீழ்முனையில் தையல் இறுக்கமா என்பது அங்கேதான் தெரியும்.

துணி கொடுக்கும்போது இவ்வளவையும் வாயால் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், சீட்டில் எழுதச் சொல்லுங்கள்:

பின்வெட்டு முழங்காலுக்கு மேலே வரை வரவேண்டும். 26 இஞ்சி நீள ஸ்கர்ட்டுக்கு ஏழெட்டு இஞ்சி. வெட்டு முடியும் இடத்தில் உள்ளே ஒரு சிறு துணி வைத்துக் குறுக்கே இரட்டைத் தையல். எனக்குக் கிழிந்தது அந்த இடம்தான். பிளந்து நிற்கும் வெட்டுப் பிடிக்காவிட்டால், ஒன்றன்மேல் ஒன்று விழும் மடிப்பு வெட்டாகக் கேளுங்கள். நடக்கும்போது விரியும், நிற்கும்போது மூடும்.

கீழ்மடிப்பில் இரண்டு இஞ்சி, பக்கத் தையல்களில் ஒவ்வோர் இஞ்சி விடச் சொல்லுங்கள். விடுதிச் சாப்பாட்டில் மெலிவதும் ஒஃபிஸ் கன்டீன் ரோல்ஸில் பருப்பதும் கொழும்பில் மாறி மாறி நடக்கும்.

பொக்கற் கேளுங்கள். கேட்காவிட்டால் வைக்கமாட்டார்கள். பக்கத் தையலுக்குள் ஒன்று போதும், பஸ் காசுக்கும் ஒஃபிஸ் அட்டைக்கும். சிப் பின்னால் இருக்கட்டும். பக்கத்தில் இருந்தால் தோள்பை உரசி உரசித் தெறித்துவிடும். அதற்கு மேலே கொழுக்கியும் தெறியும் இரண்டும் வேண்டும்.

தையற்காரர் சிங்களத்தில் மட்டும் கதைப்பவரென்றால் சில சொற்கள் கைகொடுக்கும். ஸ்கர்ட்டுக்குச் 'சாய' என்பார்கள். இடுப்பு 'இண', நீளம் 'திக', குட்டை 'கொட்ட'. 'தணஹிஸட்ட பஹலின்' என்றால் முழங்காலுக்குக் கீழே. இறுக்கமாக இருந்தால் 'தத வெடி' என்று சொல்லுங்கள், உடனே விளங்கிவிடும்.

காசு: போன முறை ஒரு நேர் ஸ்கர்ட்டுக்கு எனக்குத் துணி 1,190 ரூபா, உள்துணி 350, சிப்பும் கொழுக்கியும் 120, கூலி 1,800. எல்லாமாக 3,460. உங்கள் ஒழுங்கையில் கூலி கூடக் குறைய இருக்கும், ஆனால் துணியை விடக் கூலிதான் கூட என்பதைக் கணக்கில் எடுத்து வையுங்கள். முழுக்கூலியை முற்பணமாகக் கொடுக்காதீர்கள். பாதி இப்போது, மீதி போட்டுப் பார்த்த பிறகு. மேலே சொன்ன படி ஏறும் சோதனையை அங்கேயே செய்யுங்கள், சிரித்தால் சிரிக்கட்டும்.

நேரம்: சாதாரண காலத்தில் 'ஒரு கிழமை' என்றால் பத்து நாள். சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னம் மார்ச் நடுப்பகுதியில் இருந்தும், தீபாவளி, நத்தார் காலத்திலும் மூன்று கிழமை வையுங்கள். உங்களுக்கு 20 ஆம் திகதி வேண்டுமென்றால் 16 என்று சொல்லுங்கள். இது பொய்தான், ஆனால் அவர்களும் அதைத் தெரிந்துகொண்டுதான் திகதி தருகிறார்கள்.

5. உள்ளே என்ன போடுவது

தொடை உரசிப் புண்ணாகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பவுடர் போட்டால் வியர்வையில் அரை மணித்தியாலத்தில் கரைந்துவிடும். பருத்தியும் லைக்ராவும் கலந்த சைக்கிள் ஷோர்ட்ஸ்தான் தீர்வு. முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கும் நீளம், தோல் நிறம் அல்லது கறுப்பு. மூன்று வாங்குங்கள், மழைக்காலத்தில் ஒன்று காய இரண்டு நாள் எடுக்கும். காற்று, பஸ் படி, ஓட்டோ எல்லாவற்றுக்கும் இதுவே காவல்.

மெல்லிய வெளிர் துணியென்றால் ஜன்னலுக்கு எதிரே நின்று ஒரு தோழியைப் பார்க்கச் சொல்லுங்கள். வெயிலில் தெரிவது அறை வெளிச்சத்தில் தெரியாது. மாதவிலக்கு நாட்களுக்குக் கறுப்பை ஒதுக்கி வையுங்கள்.

6. ஏறுவதும் இறங்குவதும்

பஸ்ஸில் ஏற முன்னம் பையை முன்னால் மாற்றுங்கள். ஒட்டின ஸ்கர்ட்டென்றால் நேரே ஏறாதீர்கள். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டாகத் திருப்பி, கம்பியைப் பிடித்து, முழங்கால்கள் கிட்டக் கிட்ட இருக்க ஏறினால் வெட்டில் இழுவை விழாது. பஸ் முற்றாக நிற்க முதல் ஏறாதீர்கள். காலி வீதியில் 100, 101 எல்லாம் காலைநேரம் பாதி நின்றும் பாதி நிற்காமலும் ஆளை ஏற்றும். "இக்மன் கரன்ன" (கெதியாக ஏறுங்கள்) என்று கொண்டக்டர் கத்தினாலும் அடுத்த பஸ் ஐந்து நிமிடத்தில் வரும். பாய்ந்து ஏற உகந்த உடுப்பு இதுவல்ல.

இருக்கும்போது பின்பக்கத்தைக் கையால் ஒருமுறை தடவி நேராக்கிவிட்டு இருங்கள். இல்லாவிட்டால் இறங்கும்போது பதினைந்து சுருக்கத்தோடு இறங்குவீர்கள். மடியில் பையை வைத்தால் பாதிக் கவலை தீரும்.

கரையோர ரயிலில் வருகிறவர்களுக்கு: சில நிலையங்களில் மேடைக்கும் பெட்டியின் படிக்கும் இடையில் நல்ல உயர வித்தியாசம் இருக்கும். நேர் ஸ்கர்ட்டோடு ஏறுவது கடினம். அந்த வழியில் வேலைக்குப் போவதென்றால் ஏ வடிவம்தான் என் தெரிவு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி நிலையங்களில் கடற்காற்று வேறு கீழிருந்து அடிக்கும்.

ஓட்டோவில் முதலில் இருங்கள், பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே எடுங்கள். இறங்கும்போது இரண்டு கால்களையும் சேர்த்து முதலில் வெளியே வைத்துவிட்டு எழும்புங்கள். ஸ்கர்ட் விளிம்பு வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருபக்கமாக இருந்து போவதை நான் விட்டுவிட்டேன். விரிந்த துணி சில்லுக்குள் போனால் பறப்பது துணி மட்டுமல்ல. அப்படிப் போயே ஆகவேண்டுமென்றால் உள்ளே முழு லெகின்ஸ் போட்டு, ஸ்கர்ட்டை மடித்து இறுக்கிக்கொண்டு இருபக்கமும் கால் போட்டு இருங்கள். ஒஃபிசில் போய் லெகின்ஸைக் கழற்றலாம்.

கணுக்கால் வரை நீளும் ஸ்கர்ட்டுக்கு எதிரி நகரும் படிக்கட்டு. விளிம்பை ஒரு கையால் தூக்கிப் பிடியுங்கள், கைப்பேசி பார்க்கும் நேரம் அதுவல்ல.

நெரிசல் பஸ்ஸில் சேட்டை விடுபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஸ்கர்ட் போட்டால் அப்படித்தான்" என்று ஒரு பெரியம்மா சொன்னார். சுடிதாரோடு போன நாளும் எனக்கு நடந்தது, சீலையோடு போகிறவருக்கும் நடக்கிறது. பாலியல் தொந்தரவு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றம். பஸ் இலக்கம், பாதை, நேரம் மூன்றையும் உடனே எழுதிக்கொள்ளுங்கள், முறைப்பாட்டில் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். அவசரத்துக்குப் பொலிஸ் 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

7. காற்றும் மழையும்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. காலிமுகத்திடலிலும் மரைன் ட்ரைவிலும் குடை வெட்டு ஸ்கர்ட் உண்மையாகவே குடையாகிவிடும். இரண்டு கையும் பிடித்தாலும் காணாது. விரிந்த ஸ்கர்ட்தான் பிடிக்குமென்றால் ஒரு தையற்காரப் பாட்டி எனக்குச் சொன்ன வேலையைச் செய்யுங்கள்: சில்லறைக் குத்திகள் நாலைச் சின்னத் துணிக்குள் பொதிந்து, கீழ்மடிப்புக்குள் நாலு பக்கமும் தைத்துவிடுங்கள். காற்றுக்குத் தூக்காது. தோய்த்துக் காயப்போட்டால் ஈரத்தில் குத்தி கறைபடியும், அதனால் பிரித்தெடுக்கக்கூடியதாகத் தையுங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடிமழை. நாலு மணிக்கு வானம் கறுத்தால் ஐந்து மணிக்கு வீதியில் கணுக்கால் தண்ணி. முழங்கால் ஸ்கர்ட் அன்று வரம், நீள ஸ்கர்ட் சேற்றைக் குடிக்கும். ஒஃபிஸ் லாச்சிக்குள் ஒரு றபர் செருப்பு வைத்திருங்கள்.

8. கோயில், விகாரை, பள்ளிக்கூடம்

ஒஃபிஸ் முடிந்து நேரே கோயிலுக்குப் போகிற பழக்கமென்றால் பையில் ஒரு நீளச் சால்வை வையுங்கள். இடுப்பில் சுற்றினால் கணுக்கால் வரை மூடும். விகாரைக்கு முழங்காலும் தோளும் மூடியிருக்க வேண்டும். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு முதன்முறை போகும் தாய்மார் வாசலிலே திருப்பப்படாமல் இருக்க, முதல்நாளே அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்டுவிடுங்கள். சில இடங்களில் இன்னும் சீலையைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

9. கழிவறை

ஈரத்தரை. நீள ஸ்கர்ட்டென்றால் உள்ளே போக முதலே விளிம்பைச் சேர்த்து எடுத்து இடுப்புப்பட்டிக்குள் செருகிவிடுங்கள். வெளியே வர முன்னம் அதை எடுத்துவிட்டீர்களா என்று பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

10. தோய்ச்சல், அயன், அவசரப் பை

உள்ளே வெளியே புரட்டித் தோய்த்து, அப்படியே இடுப்புப்பட்டியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். தொடர்மாடி பல்கனி வெயிலில் கறுப்பு இரண்டு மாதத்தில் செம்பட்டையாகிவிடும், நிழலில் காயவிடுங்கள். மடிப்பு ஸ்கர்ட்டை அயன் பண்ண இருபது நிமிடம் வேண்டும், அதைக் காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். கரண்ட் போகிற நாள் எது என்று யாருக்குத் தெரியும்.

பையில் எப்போதும்: சட்டைப்பின் ஆறு, கறுப்பு நூல் கோத்த ஊசி, ஒரு கொழுக்கி, இருபக்கமும் ஒட்டும் டேப், மெல்லிய சால்வை. கீழ்மடிப்பு அவிழ்ந்தால் டேப் போதும். பின்வெட்டுக் கிழிந்தால் டேப் நிற்காது. கழிவறைக்குள் போய் ஸ்கர்ட்டைப் பின்பக்கம் முன்னால் வரத் திருப்பி, உள்ளிருந்து குறுக்காக மூன்று சட்டைப்பின் குத்துங்கள். பிறகு திரும்பச் சுழற்றிவிட்டு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னேரம் வரை ஓட்டலாம். அன்றைக்கு வீட்டுக்குப் போக ஓட்டோ பிடியுங்கள், பஸ் வேண்டாம்.